படியில்லா மாடி

இயல், இசை, நாடகம் என்று மொழியையே மூன்றாக வகுத்து, மூன்றில் ஒன்றை இசைக்கு எழுதி வைத்தவர்கள் நாம் என்று பெருமை பேசுகிறோம். பேசலாம், பெருமைக்குரியதே! யாழும் குழலும் முழவும் நம் பழைய ஏடுகளிலே பக்கந்தோறும் ஒலிக்கின்றன என்கிறோம். உண்மை, மறுப்பார் இல்லை! ஆனால் ஒரு கேள்வி. ஒரகடத்தை அடுத்த ஒரு சிற்றூரிலே, கூலி வேலைக்குச் செல்லும் தாயின் வயிற்றிலே, குரல் வளமும் தாள உணர்வும் கொண்டு ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழந்தை வளர்ந்து, இசையிலே பட்டம் பெறப் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைய வேண்டுமானால், எந்த வழியே நடக்க வேண்டும்? முதற்படி எது? அடுத்த படி எது?

விடை தேடிப் புறப்படுவோர் கண்ணுக்கு மாடி தெரிகிறது. வண்ணம் தீட்டிய மாடி, விளக்கேற்றிய மாடி! ஏறிச் செல்லும் படிகளைத்தான் காணோம். பல்கலைக்கழக இசைக் கல்வி தளர்ந்து கிடப்பதற்குக் காரணம் பல சொல்வார்கள். மாணவர்க்கு ஆர்வமில்லை என்பார்கள். திரைப்பாட்டு கெடுத்துவிட்டது என்பார்கள். காலம் மாறிவிட்டது என்பார்கள். மாடியைக் கட்டியவர்கள் படிகளைக் கட்ட மறந்தார்கள் என்பதுதான் காரணம் என்று நான் சொல்கிறேன். சொல்வதற்குச் சான்றும் தருகிறேன்.

ஆலையா குற்றவாளி?

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று ஆலைகளின் அணிவகுப்பு. இருங்காட்டுக்கோட்டையிலே 1990களின் இறுதியில் கார் ஆலை எழுந்தது. 2006இல் கைப்பேசி ஆலை வந்தது. 2010க்குப் பின்னர் ஒரகடத்திலே காரும் சரக்குந்தும் மோட்டார் சைக்கிளும் உருவாகும் பெருங்கூடங்கள் வரிசையாக எழுந்தன. ஏரும் எருதும் நின்ற இடத்திலே இயந்திரக் கை நிற்கிறது. இதைக் கண்ட பெரியவர்கள் சிலர், "ஆலைச் சங்கு ஒலித்தது, ஆலயத்துச் சங்கு ஓய்ந்தது, கலை செத்தது" என்று கண்ணீர் வடிக்கிறார்கள்.

இது சரியான தீர்ப்பன்று. ஆலை கலையைக் கொல்லவில்லை. ஆலை தனக்கு வேண்டியவரைத் தேடிக்கொள்ள ஒழுங்கான படிகளை அமைத்துக்கொண்டது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு தேறினால் தொழிற்பயிற்சி நிலையம். அதை முடித்தால் பழகுநர் பயிற்சி. அதையும் முடித்தால் ஆலையின் வாயில். ஒப்பந்தக் கூலிதான், ஊதியம் குறைவுதான் என்று குறை கூறலாம், கூறவும் வேண்டும். ஆயினும் அங்கே படி இருக்கிறது. முதற்படியிலே கால் வைப்பவனுக்கு அடுத்த படி கண்ணுக்குத் தெரிகிறது. இசைக்கு அப்படி ஒரு படிவரிசை இந்த வட்டாரத்திலே எங்கே இருக்கிறது?

இசை வளமில்லாத மண்ணா இது? இல்லை! காஞ்சிபுரத்திலே பிறந்து, தாளத்தின் நுட்பங்களையெல்லாம் தம் விரல்நுனியிலே வைத்திருந்து, தாளக் கருவியாளர் பலரைச் சுற்றி அமர்த்திக்கொண்டு அரங்கை அதிரவைத்த நாயனாப் பிள்ளை (1889–1934) வாழ்ந்த வட்டாரம் இது. திருப்புகழை மேடைக்குக் கொணர்ந்தவர்களில் அவர் முன்னோடி. அவருடைய கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர், 1919இல் பிறந்த டி. கே. பட்டம்மாள். இன்றைக்கும் ஆடி மாதம் வந்தால், ஆலைச் சுவருக்கு இந்தப் பக்கம் உள்ள ஊர்களிலே பம்பையும் உடுக்கையும் பறையும் விடியும் வரை முழங்குகின்றன. மேளம் உண்டு, மேளம் அடிக்கும் கைகளும் உண்டு. அந்தக் கைகளைப் பிடித்து அழைத்துச் செல்லும் கல்விதான் இல்லை.

மாடி எழுந்த கதை

மாடி எழுந்த கதையையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். 1929இல் சிதம்பரத்திலே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தபோதே இசைக் கல்லூரியும் உடன் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1930களிலே இசைக்கென ஒரு துறை கண்டது. அதற்கு உருக் கொடுத்தவர்களுள் தலையாயவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. 1949இல் சென்னையிலே அரசு இசைக் கல்லூரி தொடங்கிற்று. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார். 1965இல் திருவையாற்றிலும் 1979இல் மதுரையிலும் அரசு இசைக் கல்லூரிகள் எழுந்தன. 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் என்றே தனிச் சட்டம் இயற்றித் தமிழக அரசு ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவிற்று. மற்றப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் ஆளுநரை வேந்தராக வைத்த நாட்டிலே, இதற்கு முதலமைச்சரே வேந்தர் என்று அந்தச் சட்டம் விதித்தது. சிறப்புத்தான்!

இந்த வரலாற்றின் நடுவே ஒரு பெரும் போர் நடந்தது. இசைக் கல்லூரியிலே பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை விட்டுப் பிறமொழிப் பாட்டையே மிகுதியாகக் கற்கிறார்களே என்று வருந்திய அண்ணாமலைச் செட்டியார், தமிழ்ப் பாடல்களுக்கெனப் பரிசும் பொருளும் வழங்கினார். 1941இல் அண்ணாமலை நகரிலே தமிழிசை மாநாடு கூடிற்று. சென்னை மியூசிக் அகாடமியார் எதிர்த்தனர். இசைக்கு மொழி தடையாகலாமா என்று வாதிட்டனர். 1943இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. தமிழ்நாட்டிலே தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டுத் தமிழர் போராட வேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர் நம்பமாட்டார்கள், ஆனால் நடந்தது!

அந்தப் போரின் பயனை நாம் துய்க்கிறோம், நன்றி மறக்கலாகாது. எனினும் ஆய்ந்து பார்ப்பவன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "எதைப் பாடுவது?" என்ற கேள்வி அன்று கேட்கப்பட்டது, ஓரளவு வென்றது. "யார் பாடுவது? எந்த வீட்டுப் பிள்ளை பாடுவது?" என்ற கேள்வி அதே வேகத்தோடு கேட்கப்படவில்லை. மொழிக்குக் கதவு திறந்தது. அந்த மொழியைப் பேசும் ஏழைக்குக் கதவு திறந்ததா?

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களே நம் இசைக்குப் பெரும்பணி புரிந்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) பள்ளியாசிரியராக இருந்து, பின்னர் தஞ்சையிலே சித்த மருத்துவராக வாழ்ந்தவர். தம் கைப்பொருளைச் செலவிட்டு 1912 முதல் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய 'கருணாமிர்த சாகர'த்தை அச்சிட்டார். மட்டக்களப்பு மண்ணின் விபுலானந்தர் அறிவியல் கற்றவர், தமிழ்ப் பேராசிரியர். 1947இல் 'யாழ் நூல்' தந்தார். இவர்கள் கிளப்பிய கேள்விகளையெல்லாம் மேலும் ஆராயும் மாணவர் படை இன்று நம் இசைத் துறைகளிலே இருக்க வேண்டும். இருக்கிறதா? பதினெட்டு வயதிலே சரளி வரிசையைத் தொடங்கும் மாணவனிடம் பண் ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது எப்படி?

முதற்படி எங்கே?

பதினெட்டு வயதிலே சரளி வரிசை! நம் இசைக் கல்வியின் நோய் முழுவதும் இந்த ஒரு தொடரிலே அடங்கியிருக்கிறது. கணிதம் படிக்கப் பல்கலைக்கழகம் செல்பவன் பன்னிரண்டு ஆண்டு கணக்குப் போட்டுவிட்டுச் செல்கிறான். தமிழ் படிக்கச் செல்பவன் பன்னிரண்டு ஆண்டு தமிழ் படித்துவிட்டுச் செல்கிறான். இசை படிக்கச் செல்பவன்? வீட்டிலே வாத்தியார் வைத்துக் கற்க வசதியிருந்தவன் கற்றுவிட்டுச் செல்கிறான். மற்றவன் வெறுங்கையோடு செல்கிறான். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முன்னவனுக்கு அழகுக்கு அழகு சேர்க்கிறது. பின்னவனுக்கு அகர முதலையே முடித்துத் தருவதில்லை. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதிலே தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதிலே அரங்கேறினாள் என்று வகுப்பிலே பாடம் நடத்துகிறோம். ஆடலாசிரியனுக்கு, இசையாசிரியனுக்கு, தண்ணுமை ஆசிரியனுக்கு, குழலோனுக்கு, யாழோனுக்கு இன்னின்ன தகுதி வேண்டும் என்று அரங்கேற்று காதை வகுத்திருப்பதையும் சொல்லித் தருகிறோம். சொல்லித் தரும் அந்தப் பள்ளியிலேயே இசையாசிரியர் இல்லை!

கணக்கைப் பார்ப்போம். 2012இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர் 16,549 பேரை அமர்த்தினார்கள். உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி என எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. வாரத்திலே மூன்று அரைநாள் வேலை. தொடக்கத்திலே மாதம் 5,000 ரூபாய் ஊதியம். பின்னர் சிறிது சிறிதாக உயர்ந்தது; போராடிப் போராடித்தான் உயர்ந்தது. 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணிக்கு 1,325 இடங்களை அறிவித்தது. அவற்றிலே இசைக்கு எத்தனை? 86! முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ள மாநிலத்திலே, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து வந்த அறிவிப்பிலே, இசைக்கு 86 இடங்கள்!

இங்கேதான் நச்சு வட்டம் உருவாகிறது. பள்ளியிலே இசையாசிரியர் பணி இல்லை. ஆகவே இசைப் பட்டதாரிக்கு வேலை இல்லை. வேலை இல்லை, ஆகவே ஏழை வீட்டுப் பிள்ளை இசைப் பட்டத்தை நாடுவதில்லை. அவன் நாடாததால் வசதியுடையோரின் பிள்ளைகளே வருகிறார்கள், அல்லது வேறு இடம் கிடைக்காதவர்கள் வருகிறார்கள். வகுப்பு மெலிகிறது. மெலிந்த வகுப்பைக் காட்டி, "இசைக்கு மாணவர் ஆர்வமில்லை, பணியிடம் எதற்கு?" என்கிறார்கள். நோயைக் கொடுத்தவரே நோயாளியைக் குறை கூறும் விந்தை இது!

ஆர்வமில்லையா? 2022 முதல் அரசுப் பள்ளிகளிலே கலைத் திருவிழா நடக்கிறது. பாட்டு, பறை, நாட்டுப்புற ஆடல் என்று பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வருவதைக் கண்ணாரக் கண்டவன் நான். என் வகுப்பு மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், தவில் அடிப்பவரின் மகன். மேசையின் மீது விரலால் அவன் தட்டும் சொற்கட்டுகளைக் கேட்டு வகுப்பே வாய்மூடி நிற்கும். "இதை மேலே படியேன்" என்றேன். "படிச்சா எங்க சார் வேலை? எங்கப்பாவே பகல்ல வாட்ச்மேன் வேலைக்குத்தான் போறாரு" என்றான். பதினாறு வயதுப் பிள்ளையின் இந்த ஒரு வினாவுக்கு விடை சொல்லும் பாடத்திட்டம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் என் கண்ணில் படவில்லை.

கையும் பட்டமும்

இரண்டாம் படியைப் பார்ப்போம். தமிழகத்திலே பதினேழு மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் உண்டு. அவற்றிலே ஒன்று காஞ்சிபுரத்திலே இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு பிரிவுகளிலே மூன்றாண்டுப் பயிற்சி. குறைந்த கட்டணம், ஏழைக்கு எட்டக்கூடிய இடம். இவற்றை நடத்துவோரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் நுழைவு விதியைக் கவனியுங்கள். குரலிசைக்கும் பரதத்துக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கும் விதி, நாதசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்கிறது. கருணையோடு வகுத்த விதிதான். எழுத்தறிவு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளையும் வரட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்தப் பிள்ளை மூன்றாண்டு முடித்துச் சான்றிதழோடு வெளியே வந்தபின் என்ன நடக்கிறது? பட்டப்படிப்புக்கு மேல்நிலைத் தேர்ச்சி வேண்டும். அது அவனிடம் இல்லை. இசைப் பள்ளியிலேயே பொதுக் கல்வியையும் தொடர்ந்து பயின்று மேலேறும் ஏற்பாடு இல்லை. ஆகவே, கீழே கதவை அகலத் திறந்தவர்கள் மேலே செல்லும் படியை அமைக்கவில்லை. நாதசுரக்காரன் சான்றிதழோடு நிற்க வேண்டும். பட்டம் வேறு யாருக்கோ! முன்பு சாதி போட்ட கோட்டை இன்று தகுதி விதி தன்னை அறியாமலே மீண்டும் போடுகிறது.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) எந்த இசைக் கல்லூரிப் பட்டத்தோடு நாதசுரம் வாசித்தார்? 1947 ஆகஸ்டில் விடுதலை பிறந்த வேளையிலே தில்லியில் ஒலித்தது அவருடைய நாதசுரம். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்றிருந்த கலைஞனுக்கு, உட்கார்ந்து வாசிக்கும் மதிப்பைத் தேடித் தந்தவர் அவர். மேடையிலே உட்கார இடம் பிடித்துவிட்டோம். பல்கலைக்கழகத்து நாற்காலியிலே உட்கார இடம் எங்கே? கை இருப்பவனிடம் பட்டம் இல்லை. பட்டம் இருப்பவனிடம் கை இல்லை. இரண்டையும் ஒன்றுசேர்ப்பதுதானே பல்கலைக்கழகத்தின் வேலை! மரபுக் கலைஞர்களை ஆசிரியராக அமர்த்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளிலே தனி வழி ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. வழி ஏட்டிலே இருந்தால் போதாது. அதன் மீது மனிதர் நடக்க வேண்டும்.

மேற்சொன்ன ஏழு பிரிவுகளின் பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். பறை எங்கே? பம்பை எங்கே? தெருக்கூத்தின் பாட்டு எங்கே? 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள், மகிழ்ந்தோம். ஆசிரியரின் நெஞ்சிலே பதக்கம் அணிவிக்கிறோம். அவர் கருவிக்கு ஏழோடு எட்டாக ஒரு பிரிவு தரத் தயங்கலாமா? வாழ்நாள் முழுவதும் அடித்தவருக்கு விருது தருவது மரியாதை. நாளை அடிக்கப்போகும் பிள்ளைக்கு வகுப்பு தருவதுதான் கல்வி.

ஹங்கேரி தரும் பாடம்

"இதெல்லாம் கனவு, எந்த நாட்டிலே நடக்கிறது?" என்று கேட்போர் உண்டு. நடந்த நாட்டைக் காட்டுகிறேன். ஐரோப்பாவிலே ஹங்கேரி ஒரு சிறிய நாடு. புடாபெஸ்டு நகரிலே 1875இல் தொடங்கிய இசைப் பேரவைக் கல்லூரி அந்நாட்டின் மாடி. அதிலே பேராசிரியராக இருந்த சோல்தான் கோடாய், தோழர் பார்டோக்கோடு ஊர் ஊராகச் சென்று உழவர் பாட்டுகளைத் திரட்டியவர். அந்தப் பாட்டுகளே குழந்தையின் இசைத் தாய்மொழி, அதிலிருந்தே கல்வி தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். மாடியிலே இருந்துகொண்டே அவர் கட்டியது அடிப்படியை! 1950இல் கெச்கெமேட்டு என்ற ஊரிலே நாள்தோறும் இசை கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்று எழுந்தது. அதைப் பின்பற்றிப் பல பள்ளிகள் நாடெங்கும் எழுந்தன. உலக நாடுகள் அங்கே ஆசிரியர்களை அனுப்பிக் கற்றன. 2016இல் யுனெஸ்கோவும் அம்முறையைப் போற்றிப் பட்டியலிட்டது.

அதே ஹங்கேரியின் பின்கதையும் நமக்குப் பாடமே. 1989–90இல் பொதுவுடைமை ஆட்சி முடிந்து சந்தையின் ஆட்சி வந்தது. பள்ளிக்கூடத்து இசை நேரம் சுருங்கிற்று. சுருங்கினால் நாளைய கல்லூரிக்கு மாணவர் எங்கிருந்து வருவார் என்று அங்குள்ள இசையாசிரியர்கள் வருந்தலாயினர். ஆட்சி எதுவானாலும் நியதி ஒன்றுதான்: அடிப்படி ஆடினால் மாடி ஆடும். அவர்களுக்குக் கட்டிய படியைக் காக்கும் கவலை; நமக்கோ படியே கட்டாத கவலை!

பணத்துக்கு எங்கே போவது?

"தொழில் வட்டாரத்துப் பிள்ளைக்குச் சோறு போடும் கல்வி வேண்டும், பாட்டு எதற்கு?" என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆலை வேலை அசையாதது, கலை வாழ்வு நிலையாதது என்ற எண்ணமே இந்தக் கேள்வியின் வேர். 2006இல் திருப்பெரும்புதூரிலே ஆரவாரத்தோடு தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான இளைஞர் கையைப் பிசைந்து நின்றதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. எந்தத் தொழிலும் நிலையானதன்று. அதற்காக ஆலையை வேண்டாம் என்கிறோமா? இல்லை! உழைப்பவன் வீட்டுப் பிள்ளை உழைப்பதற்கு மட்டுமே பிறந்தவன் என்று கருதுவதைத்தான் வேண்டாம் என்கிறோம். பாட்டு ஒரு வகுப்பாரின் ஓய்வுநேரச் செல்வம், மற்றவர்க்குத் திருகாணி முடுக்குவதே விதி என்றால், அதற்குப் பெயர் கல்விக் கொள்கையன்று. பழைய வருணக் கொள்கை புதுச் சட்டை அணிந்து வருகிறது!

பணமும் இல்லாமலில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ இலாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டின் சராசரி நிகர இலாபத்திலே நூற்றுக்கு இரண்டைப் பொதுநலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணிகளின் பட்டியலிலே கல்வியும் இருக்கிறது. மரபுக் கலைகளின் வளர்ச்சியும் இருக்கிறது. இத்தனை ஆலைகள் நிற்கும் இவ்வட்டாரத்திலே, பள்ளிக்கு ஒரு கருவித் தொகுதியும் ஆசிரியர் ஒருவரின் ஊதியமும் கேட்பது பிச்சையன்று. சட்டம் காட்டும் வழி. எனினும் ஆசிரியர் பணியிடம் அரசின் கடமை. ஆலையின் உதவி அதற்கு மாற்றாகிவிடக்கூடாது.

ஆகவே நாம் கேட்பன நான்கு. உயர்நிலைப் பள்ளிதோறும் முழுநேர இசையாசிரியர் ஒருவர். இசைப் பள்ளி மாணவன் பொதுக் கல்வியையும் தொடர்ந்து பட்டம் வரை ஏறுவதற்கு இணைப்புப் படிப்பு. பறைக்கும் பம்பைக்கும் கூத்திசைக்கும் பாடத்திட்டத்திலே சமமான இடம். பட்டமில்லாப் பெருங்கலைஞர்க்குப் பல்கலைக்கழகத்திலே ஆசிரிய இருக்கை. நான்கும் சேர்ந்தால் படி உருவாகும். ஒன்று குறைந்தாலும் ஏறும் பிள்ளை இடறி விழும்.

முத்தமிழ் என்று இனி மேடையிலே முழங்குவோர், முழங்குமுன் தம் ஊர்ப் பள்ளிக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்கட்டும். அங்கே இயலுக்கு ஆசிரியர் இருப்பார். இசைக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்கட்டும். இல்லை என்ற விடை வருமானால், முழக்கத்தை நிறுத்திவிட்டு மனு எழுதட்டும்!